போஷகர் நாற்காலி

தம்பி செல்வா,

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ படித்ததெல்லாம் கன்னடம். தமிழ் உனக்கு வாயில் உண்டு, கண்ணில் இல்லை. உன் அம்மாதான் ஐந்தாம் வகுப்போடு நின்ற தன் தமிழை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி உனக்குப் படித்துக் காட்ட வேண்டும். இதில் பாதி விஷயம் அவளுக்கும் தெரியாது. ஆகவே இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு விதமாக இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பத்து வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன், வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடுகிறது.

இது கடிதமாகப் பிறந்ததும் இல்லை. நீ படித்த கவர்ன்மென்ட் ஹைஸ்கூலில் இந்த வருஷம் ஆண்டுவிழா மலர் போடுகிறார்கள். உனக்குக் கணக்கு எடுத்த டீச்சர்தான் இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ். கன்னடத்துக்கு இத்தனை பக்கம், உருதுக்கு இத்தனை, தமிழுக்கு இத்தனை என்று பங்கு பிரித்துவிட்டு, "தமிள் பேஜு நீவே பரீபேகு அண்ணா, பேறே யாரு இல்லா," என்று, வேறு ஆள் இல்லாததால் தமிழ்ப் பக்கத்தை எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைப்பும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கிறவர்கள் எப்படிக் கைகோத்து நம் பிள்ளைகளையும் குடும்பங்களையும் தாங்கினார்கள் என்பதை எழுத வேண்டுமாம். மூன்று நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சர்ச்சுக்காரர்கள் ஹாலைக் கொடுத்து உதவினார்கள் என்று ஒரு வரி வந்தது. அதற்கு அடுத்த வரியை எழுதப்போனால், அந்த ஹாலுக்குள் உட்கார்ந்திருந்த உன் முகம் வந்தது. அதற்குமேல் மலருக்கென்று தனியாக எழுத ஓடவில்லை; உனக்கு எழுதுகிற இதையே மலருக்கும் கொடுக்கப்போகிறேன்.

அந்த மூன்றாம் நாள்தான் நீ ஹுப்பள்ளியிலிருந்து போன் செய்தாய். அடுத்த மாதம் கல்யாணம், பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். உன் அம்மா கைவேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "கார்டுல அப்பா பேரு எப்பிடிம்மா போடறது? கேட்டுச் சொல்லு," என்றாய். யாரைக் கேட்டு என்று நீ சொல்லவில்லை. 'கேட்டு' என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் ஆள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக நீ என்னை எந்தப் பெயர் சொல்லியும், எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "சாப்பாடு ஆறுது", "போன் அடிக்குது", அவ்வளவுதான். மரியாதைக்குக் குறைவில்லை, பன்மையில்தான் பேசுவாய். ஆனால் ஒரு வீட்டுக்குள் முறை சொல்லாமல் பன்னிரண்டு வருஷம் பேசுவதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சாமர்த்தியத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் வந்தபோது உனக்கு ஒன்பது வயது. பெங்களூர் அல்சூரில் அந்த ஒற்றை அறை வீடு. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பா காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. உன் அம்மா நர்சிங் ஹோமில் ஆயா வேலை செய்துகொண்டிருந்தாள். நான் ஆம்பூர்ப் பக்கத்து ஆள், பிழைக்க வந்தவன், மல்லேஸ்வரத்தில் ஒரு சங்கீத சபாவில் ஹால் வேலை. உன் மாமா உன்னைத் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து, "சித்தப்பான்னு கூப்புடு கண்ணு," என்றார். நீ நல்ல பிள்ளை, கூப்பிட்டாய். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் சித்தப்பாதான். அந்த வருஷம் ஒரு நாள் ஏரிக்கரை பஸ் ஸ்டாப்பில் நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றபோது, "அப்பா, பஸ்ஸு!" என்று கத்தினாய். கத்திவிட்டு நீயே திடுக்கிட்டாய். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி ஏறிக்கொண்டோம். கூட்டத்தில் மெஜெஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனேன், கால் வலிக்கவே இல்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு தரம் அந்தச் சொல் வந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கிருந்துதான் புறப்பட்டது. சபாவில் என் முதல் வேலை நாற்காலி போடுவது. பின்வரிசைக்கு பிளாஸ்டிக். முன்னால் இரண்டு வரிசைக்கு மெத்தை வைத்த மர நாற்காலி, வெள்ளை உறை, முதுகில் ஒரு அட்டை. அட்டையில் 'போஷகர்' என்று எழுதியிருக்கும். சபாவுக்கு அள்ளிக் கொடுக்கிறவர்கள், அவர்கள் வீட்டு மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாம் அங்கே உட்காருவார்கள். நான் சேர்ந்த புதிதில் மெத்தை அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். செக்ரட்டரி தூரத்திலிருந்தே, "ஏம்ப்பா, அது போஷகர் சீட்டு, எழுந்துரு," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தச் சொல் எனக்குள் இறங்கிவிட்டது. போஷகர் என்றால் நான் உட்காரக் கூடாத இடத்தில் உட்காருகிறவர்.

நீ ஹைஸ்கூல் சேர்ந்த பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வர ஆரம்பித்தது. எனக்குக் கன்னடம் பேச வரும். எழுத்து, பஸ் போர்டைப் பார்த்துப் பழகின எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், அதிலே ஒரு பெருமையும் உண்டு. முதல் சீட்டில் 'போஷகர சபெ' என்று இருந்தது. 'போஷகரு தப்பதே ஹாஜராகபேகு.' போஷகர்கள் தவறாமல் ஆஜராக வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. கவர்ன்மென்ட் ஸ்கூலுக்குமா போஷகர்கள் உண்டு, அவர்களுக்குப் போக வேண்டிய சீட்டை எல்லாப் பிள்ளையிடமும் கொடுத்து அனுப்புகிறார்களே என்று நினைத்தேன். அல்லது நம்மிடம் நன்கொடை கேட்கிறார்களோ என்றும் நினைத்தேன். "இது நமக்கில்ல, அந்த மாதிரி ஆளுங்களுக்கு," என்று சொல்லி உன்னிடமே திருப்பிக் கொடுத்தேன். நீ அதைப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டாய். அடுத்த தரமும் அப்படித்தான். உன் அம்மாவுக்குப் பகல் ஷிப்டு, சீட்டு அவள் கண்ணில் படவே இல்லை.

பத்தாம் வகுப்பு ஆரம்பித்த மாதம் மூன்றாவது சீட்டு வந்தது. இது வேறு மாதிரி, கூடவே பூர்த்தி செய்து கொடுக்க ஒரு பாரம். பத்தாவது பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு தொடங்கப்போகிறார்கள், அதற்குப் போஷகர் வர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். நீ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கெழம மீட்டிங்கு. இந்த வாட்டி கண்டிப்பா வரணும்னு சொன்னாங்க. வந்தாதான் சேத்துப்பாங்களாம்," என்றாய். நான் அப்போதுதான் சபாவிலிருந்து வந்திருந்தேன். அன்றைக்கு ஒரு போஷகர் வீட்டு அம்மாளுக்கு நாற்காலி உறையில் கறை இருந்ததாம். இருநூறு பேர் நடுவில் என்னைக் கூப்பிட்டு, இதுதான் நீ பார்க்கிற வேலையா என்று கேட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லின் மேலேயே எனக்கு எரிச்சல். அதே சொல்லை நீ வீட்டுக்கும் கொண்டுவந்து நீட்டினாய்.

"நான் போஷகன் இல்லடா," என்று கத்தினேன். "உங்க மேடம்கிட்ட போயி சொல்லு, எங்க வீட்ல போஷகர்னு யாரும் கெடையாதுன்னு."

"அப்படியே சொல்லவா?" என்று கேட்டாய்.

"அப்படியே சொல்லு."

நீ சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். அழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போனாய். நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு டிவி போட்டேன். இதை இப்படி விலாவாரியாக எழுதுவதற்குக் காரணம், அந்த நிமிஷத்தை நான் அவ்வளவு தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

உனக்குத் தெரியும், இந்த மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னடத்தில் போஷகர் என்றால் பெற்றவர், வளர்ப்பவர். பள்ளிக்கூடத்தில் அப்பா அம்மாவுக்கு அதுதான் பெயர். போஷகர சபெ என்றால் பெற்றோர் கூட்டம். நீ தமிழ் பேசுகிற பிள்ளைதான், ஆனால் அந்தச் சொல்லை நீ பள்ளிக்கூடத்திலிருந்துதான் கற்றிருந்தாய். சபாவின் முன்வரிசை உனக்குத் தெரியாது. ஒன்பது வயதில் சித்தப்பா என்று சொல்லிக் கொடுக்கப்பட்டு, நீயாகவே ஒரு பஸ் ஸ்டாப்பில் அப்பாவுக்கு மாறின பிள்ளையிடம், நான் உனக்கு அப்பன் இல்லை, இந்த வீட்டில் உனக்கென்று யாரும் இல்லை, போய் எல்லார் முன்னாலும் சொல் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நீ எதற்கு என்னைக் கூப்பிட வேண்டும்?

ஆனால் நீ சாயங்கால வகுப்பில் சேர்ந்துவிட்டாய். அம்மா போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. அந்த வகுப்பை நடத்தியது யார் யார் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். சர்ச்சில் ஹாலும் பாயும் கொடுத்தார்கள். ஏரிக்கரை அபார்ட்மென்ட்டிலிருந்து ரிடையர் ஆன இரண்டு இன்ஜினியர்கள் கணக்கும் சயின்சும் நடத்த வந்தார்கள். பேக்கரிக்காரர் நாலரை மணிக்கு ஒரு டிரே பன் அனுப்புவார். பிள்ளைகளுக்குக் கண், காது பார்க்க ஒரு டாக்டரம்மா மாதத்துக்கு ஒரு தரம் வருவார். இத்தனையையும் ஒட்டித் தைத்தது ஷகீலா அக்கா. மார்க்கெட் தெருவில் பிளவுஸ் தைக்கிற அந்த அம்மாவைத்தான் பள்ளிக்கூடமும் தெருவும் நம்பின. எந்த வீட்டில் அப்பன் குடிக்கிறான், எந்த வீட்டில் பெண்பிள்ளையை நிறுத்தப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். போய் வாசலில் நின்று தமிழோ, கன்னடமோ, உருதுவோ எது வருகிறதோ அதில் பேசுவார். போஷகர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முறை வைத்து நாளுக்கு ஒருவர் வந்து வகுப்பு முடியும் வரை ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாடம் தெரிய வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும், தன் வீட்டு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

நம் வீட்டு முறை வந்த நாள்களில் யாரும் போகவில்லை. அம்மா ஷிப்டில் இருந்தாள், நீ அவளிடம் சொல்லவும் இல்லை. அந்த நாள்களில் ஷகீலா அக்காவே தைக்க வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்து ஹூக் தைத்திருக்கிறார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் செல்வா. சாயங்காலக் கச்சேரிக்குப் போகும்போது பஸ் அந்தத் தெருவில் மெதுவாகத் திரும்பும். ஜன்னல் வழியாக ஹால் தெரியும், பிள்ளைகள் தெரியும், ஒருநாள் உன் நீலச் சட்டை தெரிந்தது. படியில் ஒரு அம்மா தைத்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. வாட்ச்மேன் வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். அது என்னுடைய இடம், எனக்காக அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பஸ் திரும்பிவிடும், நான் போஷகர்களுக்கு நாற்காலி போடப் போய்விடுவேன்.

நீ நல்ல மார்க் எடுத்தாய். அந்த இன்ஜினியர்களில் ஒருவரே கூட்டிக்கொண்டு போய் டிப்ளமாவில் சேர்த்தார். சேர்க்கைக்கும் நான் வரவில்லை. நீ ஹாஸ்டலுக்குப் போய் இரண்டாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷகீலா அக்கா நம் காம்பவுண்டுக்கு வந்தார், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சீட்டுக் கொடுக்க. அந்த வீடு பூட்டியிருந்தது. என்னிடம் கொடுத்து, "அண்ணா, அவங்க வந்தா குடுத்துருங்க. போஷகர் மீட்டிங்கு, கண்டிப்பா வரச்சொல்லுங்க," என்றார்.

எனக்கு வழக்கமான கிண்டல் வந்தது. "அந்த வீட்ல ஏதும்மா போஷகரு? ரெண்டு பேரும் கட்டட வேல. பெரிய எடமா பாத்து குடுங்க."

அவர் முதலில் முழித்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அரே, இன்னாண்ணா நீங்க! போஷகர்னா பேரண்ட்ஸ்! அப்பா அம்மா! இத்தினி வருஷம் பெங்களூர்ல இருந்துட்டு இதுகூட கொத்தில்லவா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நீ சீட்டை நாலாக மடித்தது ஞாபகம் வந்தது. "அப்படியே சொல்லவா" என்று நீ கேட்டது ஞாபகம் வந்தது. ஷகீலா அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இத்தோடு முடித்தால் என் மேல் பெரிய குற்றம் இல்லை என்று ஆகிவிடும். பாவம், ஒரு சொல் புரியாத மனுஷன் என்று நாலு பேர் சொல்வார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படிச் சொல்லிக்கொண்டு தூங்கினேன். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மா சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் உன்னைச் சேர்க்கப் போன அன்று ஆபீஸ் கிளார்க், உன் இனிஷியலையும் என் பெயரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நீவு யாரு? அப்பாவா?" என்று கேட்டார். நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நான், "இல்ல சார், அவங்க வீட்டுக்கு வேண்டியவன்," என்றேன். சொன்னதற்குக் காரணம் எதுவும் இல்லை, வெட்கம்தான். அப்பா என்றால் அடுத்த கேள்வி வரும், எப்போ கட்டினே, எப்படிக் கட்டினே என்று வரும், வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு எந்தச் சொல்லும் எனக்குப் புரியாமல் இல்லை. அதைக் கேட்ட பிறகும் நீ அடுத்த வருஷம் பஸ் ஸ்டாப்பில் என்னை அப்பா என்று கூப்பிட்டாய். ஆகவே கேள்வி இதுதான். போஷகர் என்றால் அப்பா என்று தெரிந்திருந்தால் நான் அந்தச் சனிக்கிழமை போயிருப்பேனா? போயிருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அந்தச் சொல் எனக்குச் சௌகரியமாக இருந்தது. அது புரியாமல் இருந்ததும் சௌகரியமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளை படித்து முடித்துப் போன பிறகு வருகிற முதல் போஷகன் நானாகத்தான் இருப்பேன். உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று டீச்சர் கேட்டார்கள். நாற்காலி போடத் தெரியும் என்றேன். கூட்டம் நடக்கிற நாளெல்லாம் போய் நாற்காலி போட்டேன். பெற்றவர்கள் வந்தால் முதல் வரிசையை விட்டுவிட்டுச் சுவரோரம் நிற்பார்கள், அது பெரிய மனுஷர்களுக்கு என்று. அவர்களைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து முன்னால் உட்கார வைப்பது என் வேலை ஆயிற்று. ஷகீலா அக்காவோடு தமிழ் வீடுகளுக்கும் போவேன். சீட்டைக் காட்டி, "போஷகர்னா நீங்கதான். பணங்காசு கேக்கல, ஆளத்தான் கேக்கறாங்க," என்று சொல்லிவிட்டு வருவேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கும், என்னைப் போலவே நினைத்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு அப்பன்மார்களைக் கண்டுபிடித்தேன்.

சபாவில் மர நாற்காலியெல்லாம் மாற்றிப் புதுசு வாங்கினார்கள். பழையதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள் என்று செக்ரட்டரியிடம் கேட்டேன். "என்னப்பா, போஷகர் சீட்டுக்கே அடிபோடற," என்றார். "போஷகருங்களுக்குத்தான் சார்," என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் கொடுத்தார். இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வழியனுப்பு விழாவுக்குச் சபா ஹாலையே விடுகிறார். பள்ளிக்கூடத்துக்கு வந்த அந்த நாற்காலிகளில் இன்றைக்குப் பூக்காரம்மா உட்காருகிறார், கட்டட மேஸ்திரி உட்காருகிறார். உட்காரும்போது மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு லீவில் நீ வந்திருந்தபோது நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதைப் பார்த்து, "இப்ப எதுக்கு அங்க போறீங்க? நான் படிக்கறப்ப போயிருக்கலாம்," என்றாய். சத்தம் போடாமல்தான் சொன்னாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சும்மா, பொழுது போகவில்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள். எதற்குச் சொல்கிறோம் என்று தெரியாமலேயே சரியாகச் சொன்னாள்.

போன வாரம் டீச்சர் ஆபீஸ் பீரோவைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய காகிதத்தைப் பிரித்து, தேவையானதை வைத்துவிட்டு மற்றதை மூட்டை கட்ட வேண்டும். சாயங்கால வகுப்பின் முதல் வருஷத்து ஃபைல் என் கையில் கிடைத்தது. கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது. பெயர் பெயராகப் புரட்டிக்கொண்டு வந்தேன். உன் பாரம் வந்தது. அம்மாவின் கையெழுத்தைப் பார்க்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அங்கே என் கையெழுத்து இருந்தது.

நான் போடாத என் கையெழுத்து. தமிழில். என் பெயருக்குக் கீழே நான் இழுக்கிற கோடுகூட அப்படியே, ஆனால் அழுத்தி, மெதுவாக, இரண்டு இடத்தில் பேனா நின்று நின்று போயிருந்தது. கேஸ் புத்தகத்திலோ பாஸ்புக்கிலோ பார்த்து வரைந்திருக்கிறாய். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளை, படம் போடுகிற மாதிரி போட்டிருக்கிறாய். என் பெயரின் கடைசி எழுத்து இரண்டு சுழி 'ன்'. நீ மூன்று சுழி போட்டிருந்தாய். அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம், மாணவனுக்கு இவர் என்ன முறை என்று. அதை மட்டும் உன் சொந்தக் கையெழுத்தில், கன்னடத்தில், குண்டு குண்டாக எழுதியிருந்தாய். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'தந்தெ.'

நமக்கு அது தந்தை. இந்தச் சொல்லில் எனக்குக் குழப்பமே வரவில்லை.

ஃபைலை எடுத்துக்கொண்டு ஷகீலா அக்கா கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எனக்குத் தெரியும்ணா. என் முன்னாலதான் போட்டான். உங்கம்மாகிட்ட வாங்கிட்டு வாடான்னேன். 'இல்லக்கா, அப்பா கையெழுத்துதான் வேணும்'னான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். டீச்சருக்கும் தெரியும். விட்டுட்டோம்." அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. ஒரு தெருவே சேர்ந்து, நான் வராததை நீ வெளியே சொல்லாமல் இருக்க உனக்கு உதவியிருக்கிறது. மலருக்கு நான் எழுத வேண்டிய விஷயம் இதுதான், டீச்சர் கேட்ட தலைப்புக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பெற்றவர் பெயரைப் போடு. அது அவர் இடம், போனாலும் அவருடையதுதான். என் பெயரை எங்கேயாவது ஒட்ட வைக்கலாமா என்று நீ தர்மசங்கடப்பட வேண்டாம். நான் மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டால் கொடுத்துவிடுவாய், அந்தப் பிள்ளைதான் நீ. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். நேரில் பார்க்கும்போது ஏதாவது ஒரு முறை சொல்லிக் கூப்பிடு. சித்தப்பா என்றாலும் போதும்.

உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வரும். புரியாத சொல் இருந்தால் பிள்ளையிடமே கேள், வெட்கப்படாதே. புரிந்த சொல்லாக இருந்தாலும் ஒரு தரம் கேள். யாராவது உன் பிள்ளைக்காகப் படியில் உட்கார்ந்திருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் அவர் யார் என்று விசாரி. நீ யார் என்று எவனாவது கேட்டால், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும், சத்தமாகச் சொல்.

போன வாரத்திலிருந்து ஒரு சிக்கல். பாங்கில் கொடுத்த பாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். முப்பது வருஷமாகப் போடுகிற கையெழுத்தை இந்த வயதில் ஏன் மாற்றினீர்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். மாற்றவில்லையம்மா, இதுதான் சரியானது என்றேன். உனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பக்கத்தை மட்டும் அம்மாவிடமிருந்து வாங்கிப் பார். கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். கடைசி எழுத்தில் எத்தனை சுழி என்று எண்ணு.